நான் சொல்வதைச் செய்

என் நாத்தனாரை, அதாவது என் வீட்டுக்காரரின் அக்காவை, தெருவில் எல்லோரும் சரியக்கா என்றுதான் சொல்வார்கள். யார் எதைச் சொன்னாலும் அவர் வாயிலிருந்து வருவது ‘சரி’ ஒன்றுதான். ரொட்டிக் கடையில் நேற்றைய ரொட்டியைக் கட்டிக் கொடுப்பார்கள், சரி. பேருந்தில் யாராவது “கொஞ்சம் எழுந்திருங்க” என்பார்கள், சரி. ஒருமுறை பல் மருத்துவர் வலிக்கிற பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கிவிட்டார். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், “சரி, அதுவும் ஒருநாள் வலிக்கத்தானே போகுது” என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் அந்த மருத்துவரோடு சண்டை போடப் போனதும் நான்தான். எனக்கு மூக்கின் மேல் கோபம். இந்த வீட்டில் சண்டை போடுவது என் பங்கு, சரி சொல்வது அக்காவின் பங்கு என்று யாரும் பிரித்துக் கொடுக்காமலே பிரிந்துவிட்டது.

நான் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். ஃபிரேமில் லென்ஸ் பொருத்துவது, வளைந்த காலை நிமிர்த்துவது, திருகு மாற்றுவது. பதினாலு வருஷமாகிறது. அக்காவின் கண்ணாடிக்கு லென்ஸ் வெட்டியதும் நான்தான். அவருக்கு வெள்ளெழுத்து. பக்கத்தில் இருப்பது கண்ணாடி இல்லாமல் தெரியாது, தூரத்தில் இருப்பது எங்கள் எல்லோரையும் விட நன்றாகத் தெரியும். தெருமுனையில் பேருந்து திரும்பும்போதே எண்ணைச் சொல்லிவிடுவார். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பிறகு தேவைப்படும்.

அவர் வேலை தட்டச்சு. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்புக் கொடுப்பார்கள் இல்லையா, எந்த மாத்திரை எப்போது, எதைத் தூக்கக்கூடாது, எந்தத் தேதியில் திரும்ப வரவேண்டும் என்று. மருத்துவர்கள் அதை வாயால் சொல்லிப் பதிந்துவிடுவார்கள். அந்தப் பதிவைக் கேட்டுத் தட்டி அனுப்ப வேண்டும். காலடியில் ஒரு மிதி இருக்கும். அழுத்தினால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும், குதிகாலால் தட்டினால் நாலு சொல் பின்னால் போகும். கை இரண்டும் விசைப்பலகையை விட்டு நகரவே நகராது. இருபத்தாறு வருஷமாக இதுதான். அந்த மிதியில் மட்டும்தான் அக்காவுக்கு அதிகாரம். எவ்வளவு பெரிய மருத்துவராக இருந்தாலும் அக்கா காலை எடுத்தால் வாயை மூடித்தான் ஆகவேண்டும். இதைச் சொல்லி நான் கிண்டல் செய்தால், “சீ, பாவம் அவங்க” என்பார்.

கல்யாணப் பேச்சு இரண்டு முறை வந்தது, இரண்டுக்கும் சரி என்றார். இரண்டும் கலைந்தது, அதற்கும் சரி என்றார். நான் மருமகளாக வந்தபோது அவருடைய அறையை எங்களுக்குக் கொடுத்துவிட்டுக் கூடத்துக்கு வந்தார். ஏழு வருஷத்துக்கு முன்னால் மாமனாருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ஊட்டிவிட வேண்டும், துடைத்துவிட வேண்டும். மகளுக்கு ஐம்பத்தோரு வயதாகியும் அவர் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவார். அந்த ஒரு சொல் மட்டும்தான் அவருக்குத் தெளிவாக வரும். அலுவலகம் எல்லோரையும் வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னபோது நாங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டோம் தெரியுமா? கூடத்து மூலையில் மேசை போட்டுக் கொடுத்தோம். மேசையிலிருந்து பார்த்தால் பக்கத்து அறையில் மாமனாரின் கட்டில் தெரியும், கட்டிலிலிருந்து பார்த்தால் மேசை தெரியும். இடையில் கதவு கிடையாது. இது என் யோசனைதான். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. இனி எல்லாக் கணினியும் லினக்ஸ் என்கிற இயங்குதளத்தில்தான் ஓடும். ஏதாவது கெட்டால் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து பார்க்கும் ஒயர்க்காரரை வேலையை விட்டு அனுப்பியாயிற்று. அவரவர் கணினியை அவரவரே பார்த்துக்கொள்ள வேண்டும். மிதிக்கு வேண்டிய மென்பொருளை, இணைத்திருக்கும் நாலு பக்கக் குறிப்பைப் பார்த்து, தாங்களே நிறுவிக்கொள்ள வேண்டும். மூன்று வாரம் கழித்துத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு பதிவு வரும். அதை மிதி வைத்துத் தட்டி அனுப்பியவர்களுக்கு மட்டும் இனி வேலை.

அக்கா கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, “சரி” என்றார்.

புதுக் கணினி வந்தது. முதலில் எந்த மொழி என்று கேட்டது, தமிழ் என்றார். அதுவும் தமிழிலேயே பேச ஆரம்பித்தது. அதில் அவருக்கு ஒரே பெருமை. “பாரேன், என்கிட்ட தமிழ்லயே கேக்குது” என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். பெருமையெல்லாம் அன்று மதியம் வரைதான். குறிப்பின் முதல் பக்கத்தில் இருந்ததை அப்படியே, கட்டளை வாங்குகிற கறுப்புச் சன்னலில் தட்டினார். விசைப்பலகை தமிழில் இருந்திருக்கிறது. ‘கட்டளை கிடைக்கவில்லை’ என்றது. மறுபடி தட்டினார். கட்டளை கிடைக்கவில்லை. “நான் எந்தக் காலத்துல கட்டளை போட்டேன், இப்ப கிடைக்கறதுக்கு” என்றார். அக்கா நகைச்சுவையாகப் பேசி நான் கேட்டது அபூர்வம். அந்த மூன்று வாரத்தில் நாலைந்து முறை கேட்டேன். பயத்தில்தான் அப்படிப் பேசினார் என்று இப்போது தோன்றுகிறது.

விசைப்பலகையை மாற்றத் தெரிந்துகொள்ள இரண்டு நாள். அடுத்தது கடவுச்சொல். தட்டினால் திரையில் ஒரு புள்ளிகூட விழாது. அது அப்படித்தானாம், ரகசியமாம். அக்காவுக்கு அது எப்படித் தெரியும்? தான் தட்டுவது அதற்குக் கேட்கவில்லை என்று நினைத்து அழுத்தி அழுத்தித் தட்டினார். விசைப்பலகை கெட்டுவிட்டது என்று கழற்றித் துடைத்து மாட்டினார். அன்றைக்கு முழுக்க அதுதான் வேலை. சாயங்காலம் நான் வந்தபோது விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. “நான் சொல்றது எதுவுமே அதுல விழமாட்டேங்குதும்மா” என்றார்.

அது சரியானதும் ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்றது. குறிப்பைத் திருப்பிப் பார்த்தால் ஒவ்வொரு கட்டளைக்கும் முன்னால் சூடோ என்று ஒரு சொல் போட வேண்டுமாம். அதைப் போட்டால் வீட்டுத் தலைவர் சொன்ன மாதிரி எடுத்துக்கொண்டு அது கீழ்ப்படியுமாம். “பாத்தீங்களா, சூடு சொரணை இருக்கறவங்க சொன்னாத்தான் அதுகூட மதிக்குது” என்றேன். என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அக்காவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அந்தச் சொல்லை நோட்டில் எழுதிக்கொண்டார்.

நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோடு போட்ட பழைய நோட்டு. பக்கத்தை நடுவில் பிரித்து, இடது பக்கம் ‘அது கேட்டது’, வலது பக்கம் ‘நான் சொன்னது’ என்று தலைப்பு. திரையில் எது வந்தாலும் முதலில் இடது பக்கம் எழுதுவார். என்ன பதில் தட்டப்போகிறாரோ அதை வலது பக்கம் எழுதுவார். அதற்குப் பிறகுதான் விசையை அழுத்துவார். நோட்டில் எழுதாமல் ஒன்றையும் தட்டமாட்டார். எழுத்து கோட்டின்மேல் நூல் பிடித்த மாதிரி இருக்கும்.

இரண்டாவது வாரம் முழுக்க அந்த நோட்டு ஒரே பாட்டாகத்தான் இருந்தது. மென்பொருளை அது ‘பொதி’ என்றது. இந்தப் பொதி வேண்டுமானால் அந்தப் பொதி வேண்டும், அது வேண்டுமானால் இன்னொன்று வேண்டும், அந்த இன்னொன்று எங்குமே இல்லை. ‘சார்ந்திருப்பவை நிறைவேறவில்லை’ என்று சொல்லி நிறுத்திவிடும். அக்கா அலுவலகத்துக்குப் போன் செய்தார். மேற்பார்வை பார்க்கும் அம்மாள், “நாலு பக்கமும் படிச்சீங்களா?” என்று கேட்டார். படித்தேன் என்றார். “இன்னொரு தடவை படிங்க” என்று வைத்துவிட்டார். அந்தக் குறிப்பு இதற்கு முந்தைய பதிப்புக்கு எழுதினது என்பது அந்த அம்மாளுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அக்கா தன்மேல்தான் தப்பு என்று நினைத்தார். மாமனார் தூங்கும் மதிய வேளையில் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தபோது வாளி நிரம்பி வழிகிற சத்தம் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது. வெளியே வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

வேலைதானே, போனால் போகட்டும், இவ்வளவு எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. வியாழக்கிழமை புரிந்தது. திங்கட்கிழமைக்கு நாலு நாள் இருந்தது.

“உன்கிட்ட ஒண்ணு காட்டணும், வர்றியா?” என்று கூப்பிட்டுக்கொண்டு போனார். நாலு தெரு தள்ளி, சலவைக் கடைக்கு எதிர்வீட்டு மாடி. பையிலிருந்து ஒரு சாவியை எடுத்துக் கதவைத் திறந்தார். ஒரு அறை. ஒரு சன்னல், சுவரில் இரண்டு தட்டு அலமாரி, மூலையில் கை கழுவும் தொட்டி, முன்னால் இருந்தவர்கள் ஆணி அடித்த ஓட்டைகள். அவ்வளவுதான்.

“கீழ இருக்கற தையக்காரம்மாவோடது. திங்கக்கிழமை வரைக்கும் எனக்காக வெச்சிருக்காங்க. வேலை நிலைச்சா எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்கேன்.” என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “அப்பாவை விட்டுடமாட்டேம்மா. காலையில வருவேன், சாயங்காலம் வருவேன்.”

பிறகு ஒன்று செய்தார். கதவைச் சாத்தி உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டார். போட்டுவிட்டுச் சும்மா நின்றார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தார். மறுபடி போட்டார். எங்கள் வீட்டுக்கு நான் வந்ததிலிருந்து அவருக்கென்று தாழ்ப்பாள் எதுவும் இல்லை. குளியலறையில்கூட யாராவது தட்டிக்கொண்டே இருப்போம்.

“நல்லா இருக்குக்கா” என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அதை நம்புங்கள். ஆனால் படியிறங்கும்போதே என் மனசு வேறு பக்கம் ஓடிவிட்டது. காலையிலும் சாயங்காலமும் வந்தால், நடுவில் யார் புரட்டுவது? பதினோரு மணிக்கு யார், இரண்டு மணிக்கு யார்? என் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர், எந்தக் கட்டிடத்தில் எந்த மாடியில் தொங்கிக்கொண்டிருப்பார் என்று அவருக்கே தெரியாது. மிச்சம் நான்தான். கண்ணாடிக் கடையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டும். மறுநாள் கடையில் லென்ஸ் ஓரத்தைத் தேய்த்துக்கொண்டே இதையேதான் யோசித்தேன். ஒரு லென்ஸ் உடைந்தது. வீட்டுக்காரரிடம் சொன்னால், “அக்காவாவது போறதாவது” என்று பேச்சை முடித்துவிட்டார். அக்கா போகமாட்டார் என்பதில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அக்கா போகக்கூடாதே என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தவள் நான்.

அந்த வெள்ளிக்கிழமை கஞ்சி ஊட்டும்போது மாமனாரின் நல்ல கை வீசியதில் அக்காவின் கண்ணாடி தெறித்து ஒரு கால் உடைந்தது. “கொடுங்கக்கா, கடையில மாட்டி நாளைக்கே கொண்டு வந்துடறேன்” என்று வாங்கிப் போனேன். சனிக்கிழமை காலையில் ஐந்து நிமிஷத்தில் வேறு கால் மாட்டி, இழுப்பறையில் வைத்தேன். அரைநாள் கடை. பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன், கண்ணாடி இழுப்பறையிலேயே கிடந்தது. மறந்துதான் போனேன். இதையும் நம்புங்கள், ஏனென்றால் அடுத்ததில் நான் எதையும் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் அக்கா திரையில் மூக்கு இடிக்க உட்கார்ந்திருக்கிறார். “அம்மா, வந்துட்டியா, இங்க வா. எல்லாம் ஒத்து வந்துடுச்சு போல இருக்கு. ஏதோ நீளமா எழுதியிருக்கு. கிட்டப் போனா கலங்கலாத் தெரியுது, தள்ளி நின்னா எழுத்து ரொம்பச் சின்னதா இருக்கு. படிச்சுச் சொல்லு.” குரலில் அவ்வளவு சந்தோஷம். படித்துப் படித்து மனப்பாடமாகிவிட்ட மூன்றாம் பக்கத்தில் கடைசியாக இருந்த கட்டளை ஒன்றை, சார்ந்திருப்பவை எதையும் பார்க்காமல் வேலையை நடத்து என்கிற மாதிரி ஒன்றை, தட்டியிருந்தார்.

திரை முழுக்கப் பொதிகளின் பெயர். நான் பெயர்களையெல்லாம் தாண்டிக் கடைசி வரிக்கு வந்தேன். உண்மையிலேயே முதல் தடவை நான் சரியாகப் படிக்கவில்லை. “தொடர வேண்டுமானால், ஆம், நான் சொல்வதைச் செய் அப்படின்னு தட்டணுமாம்” என்றேன்.

அக்கா நோட்டை எடுத்துக் குத்துமதிப்பாக எழுதிக்கொண்டார். பிறகு தட்டினார். அவருக்கு விசைகளைப் பார்க்க வேண்டியதில்லை. அழுத்தினார். ‘கைவிடப்பட்டது’ என்று வந்து நின்றுவிட்டது.

நான் குனிந்து பார்த்தேன். ‘ஆம், நான் சொல்வதைச் செய்யுங்கள்’ என்று தட்டியிருந்தார்.

“அக்கா, செய்யுங்கள் இல்ல. செய். வெறும் செய்.”

“எப்படிம்மா? முன்னபின்ன தெரியாத ஒண்ணுகிட்ட...”

“அது மெஷின்க்கா.”

“இருந்தாலும் இவ்ளோ நாளா நமக்காகத்தானே போராடுது” என்றார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். ஐம்பத்தோரு வருஷத்தில் ஒருவரைப் பார்த்தும் நான் சொல்வதைச் செய் என்று சொல்லாத மனுஷி. அதைக் கேட்ட முதல் ஆளே இந்தப் பெட்டிதான், அதற்கும் மரியாதை கொடுத்துவிட்டார்.

மறுபடி அதே கட்டளை, மறுபடி அதே பட்டியல். அப்போது உள்ளேயிருந்து “பாப்பா” என்று குரல் வந்தது. புரட்டுகிற நேரம். “இதோ வரேன்ப்பா” என்று எழுந்து போனார். “நீ அதுக்குள்ள நல்லாப் படிச்சு வை, வேற ஏதாவது சொல்லுதான்னு.”

படித்தேன். இந்தமுறை மேலிருந்து விரல் வைத்துப் படித்தேன். நிறுவப்படும் என்ற தலைப்பின் கீழ் இரண்டே பெயர். நீக்கப்படும் என்ற தலைப்பின் கீழ் அரைத் திரை. எனக்குக் கணினி தெரியாது, தமிழ் தெரியும். ‘எச்சரிக்கை: இன்றியமையாதவை நீக்கப்பட உள்ளன. நீங்கள் செய்யப்போவது தீங்கு விளைவிக்கலாம். என்ன செய்கிறீர்கள் என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் தொடரவும்.’ நான் திரும்பவும் மேலே போய், முதலிலிருந்து இன்னொரு தடவை விரல் வைத்துப் படித்தேன். தப்பாகப் படித்துவிட்டேனோ என்ற சந்தேகமா, நேரம் கடத்தலா என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்து அறையில் அக்கா மாமனாரின் தோளைப் பிடித்து, “ஒண்ணு, ரெண்டு, இப்ப” என்று புரட்டும் குரல் கேட்டது. ஏழு வருஷமாகக் கேட்கிற குரல். பதினோரு மணிக்கும் இரண்டு மணிக்கும் அந்தக் குரல் என்னுடையதாக இருக்கப்போகிறது என்று நினைத்தேன்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “என்ன சொல்லுது?”

“ஒண்ணும் இல்லக்கா. மரியாதை இல்லாம சொல்லச் சொல்லுது, அவ்வளவுதான். போடுங்க.”

அவர் நோட்டில் ஏதோ எழுதினார். உட்கார்ந்தார். தட்டினார். ஆம், நான் சொல்வதைச் செய். வாயாலும் மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டார், வெட்கப்பட்டுக்கொண்டே. அழுத்தினார்.

அது செய்தது. வரி வரியாக ஓடியது. நீக்கப்படுகிறது, நீக்கப்படுகிறது, நீக்கப்படுகிறது. அக்காவுக்கு எழுத்து தெரியவில்லை, ஓடுவது மட்டும்தான் தெரிந்தது. “வேலை செய்யுதும்மா. பாரு, நான் சொன்னதும் எப்படி ஓடுது” என்று என் கையைப் பிடித்தார். அந்தக் கை இன்னும் ஈரமாக இருந்தது. அப்போதாவது மின் ஒயரைப் பிடுங்கியிருக்கலாம். பிடுங்கவில்லை. இதைச் சொல்ல எனக்கு நாக்கூசுகிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

படங்கள் போயின. சன்னல்கள் போயின. அணைத்துப் போட்டபோது கறுப்புத் திரையில் பெயரைக் கேட்டு ஒரே ஒரு வரி. அதற்குமேல் எதுவும் இல்லை. தட்டினால் பெயரை வாங்கிக்கொள்ளும், கடவுச்சொல்லை வாங்கிக்கொள்ளும், திரும்பவும் கறுப்பாகவே நிற்கும். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்தக் கறுப்பின் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். அலுவலகத்தில் போனை எடுக்க ஆளில்லை. என் வீட்டுக்காரர் வந்து பின்னாலிருந்த ஒயரையெல்லாம் பிடுங்கிச் செருகிப் பார்த்தார். “லிஃப்ட்டா இருந்தா கையால சுத்தியாவது மேல கொண்டு வந்துடுவேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அக்கா மிதியை மட்டும் காலால் அழுத்திக்கொண்டே இருந்தார். எந்தக் குரலும் வரவில்லை. அதைப் பார்க்க முடியாமல் நான் துணி துவைக்கப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை கடை திறந்ததும் கண்ணாடியை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். அக்கா வாங்கிப் போட்டுக்கொண்டார். பத்து மணிக்குப் போன் அடித்தது. மேற்பார்வை அம்மாளின் குரல் எனக்கே கேட்டது.

“உங்ககிட்டேருந்து எதுவும் வரலையே?”

அக்கா நடந்ததைச் சொன்னார்.

“யாரும்மா உங்களை அப்படிப் போடச் சொன்னது? ஆபத்துன்னு தெளிவா எழுதியிருக்குமே. யார் சொன்னா?”

என்னைப் பார்ப்பார் என்று நினைத்தேன். அவர் கீழே மிதியைப் பார்த்தார்.

“நான்தாங்க. நான் சொன்னதைத்தான் அது செஞ்சுது.”

அந்தப் பக்கம் இரண்டு மூன்று வாக்கியம். அக்கா, “சரிங்க... சரி... சரிங்க” என்று போனை வைத்தார். இருபத்தாறு வருஷ வேலை மூன்று சரியில் முடிந்தது. சாயங்காலம் நானும் கூடப் போனேன். தையற்காரம்மாவிடம் சாவியைக் கொடுத்தார். “ஒரு தடவை மேல போய்ப் பாத்துட்டு வரவா?” என்று கேட்டார். அந்த அம்மா, “அதுக்கென்ன, போங்க” என்றார். அக்கா படியில் கால் வைத்துவிட்டு, “வேணாம்” என்று திரும்பிவிட்டார்.

இதெல்லாம் நடந்து ஐந்து மாதம் ஆகிறது. கணினியை அலுவலகம் வாங்கிக்கொண்டு போய்விட்டது. மேசையில் இப்போது மாமனாரின் மாத்திரைகள், துண்டுகள். பதினோரு மணிக்கும் இரண்டு மணிக்கும் அக்காவின் குரல்தான். நான் கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். வீட்டில் யாரும் யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. நான் பிழைத்துவிட்டேன் என்றே நினைத்திருந்தேன்.

போன வாரம் மருந்துச் சீட்டைத் தேடி மேசை இழுப்பறையைத் துழாவினபோது அந்த நோட்டு கையில் பட்டது. கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். கண்ணாடி இல்லாமல் எழுதின பக்கம். எழுத்து பெரிது பெரிதாகக் கோட்டை விட்டு ஏறியும் இறங்கியும் கிடந்தது.

‘அது கேட்டது’ என்பதன் கீழ்: மரியாதை இல்லாமல் சொல்லச் சொல்கிறது.

‘நான் சொன்னது’ என்பதன் கீழ்: ஆம், நான் சொல்வதைச் செய். அதற்குக் கீழே: அப்பாவைப் புரட்டும்போது பார்த்தேன். விரல் வைத்து முழுக்க இரண்டு தடவை படித்தாள். பிறகுதான் போடுங்க என்றாள். அதனால் பயமில்லை.

கட்டிலிலிருந்து மேசை தெரியும். தூரத்தில் இருப்பது அவருக்கு நன்றாகத் தெரியும். அந்த லென்ஸை வெட்டினவள் நான், எனக்கே இது தோன்றவில்லை.

அதோடு முடிந்திருந்தால்கூட அழுது தீர்த்திருப்பேன். அதற்குக் கீழே இன்னும் ஒரே ஒரு சொல் இருந்தது. ‘சரி.’ அது கோணல் மாணலாக இல்லை. சின்னதாக, கோட்டின்மேல் நூல் பிடித்த மாதிரி உட்கார்ந்திருந்தது. அந்தப் போனுக்குப் பிறகு, கண்ணாடி போட்டுக்கொண்டு எழுதினது. நான் ஓடிப்போய்க் கொண்டுவந்து கொடுத்த கண்ணாடி.

பின்னால் காலடி கேட்டது. நோட்டை உள்ளே தள்ளி இழுப்பறையை மூடினேன். அக்கா துண்டோடு நின்றிருந்தார்.

“என்னம்மா தேடற?”

“ஒண்ணும் இல்லக்கா” என்றேன்.

அவர் இழுப்பறையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அப்போது உள்ளேயிருந்து “பாப்பா” என்று குரல் வந்தது. “இதோ வரேன்ப்பா” என்று போனார். ஒண்ணு, ரெண்டு, இப்ப.